ஜெயில் என்றால் எந்த ஜெயில்?

என் தம்பி ஓர் அடிதடி வழக்கில் கைதான அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். "ரிமாண்ட் ஆயாச்சும்மா, ஜெயிலுக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்றார்கள். ஜெயில் என்றால் எனக்குத் தெரிந்தது மத்திய சிறையின் அந்தப் பெரிய மதில்தான். அங்கே ஓடி இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். பெயரைத் தேடிப் பார்த்த காவலர், "இங்க இல்லைம்மா, சப்-ஜெயில்ல பாருங்க" என்றார். ஸ்டேஷன் லாக்கப், சப்-ஜெயில், சென்ட்ரல் ஜெயில் மூன்றும் வேறு வேறு என்பதே அப்போதுதான் தெரிந்தது.

லாக்கப் போலீஸ் கையில் இருக்கிறது. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், வழிப்பயண நேரம் இதில் சேராது. அவர் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்கச் சொன்ன, பிறகுதான் சிறைத்துறையின் கைக்குப் போகிறார்கள். கிளைச் சிறை, அதாவது சப்-ஜெயில், பெரும்பாலும் வழக்கு இன்னும் முடியாத விசாரணைக் கைதிகளுக்கானது.

தம்பி இருந்தது ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். நான் கொண்டுபோன துணிப்பையைப் பிரித்த காவலர், அரைக்கால் சட்டையிலிருந்த நாடாவை உருவி என்னிடமே கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை, புரிந்துவிட்டது. அந்த நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நின்றிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து "அக்கா" என்றவன், அப்புறம் பேசவே இல்லை.

ஜாமீன் தள்ளுபடியானதும் அவனை மத்திய சிறைக்கு மாற்றினார்கள். அங்கே போய்ப் பார்ப்பதற்கு 'மனு பார்ப்பது' என்று பெயர். மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. வலைக்கு இருபுறமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதால் பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் காதில் விழுந்தது, நம் ஆள் சொன்னது மட்டும் விழவில்லை. உள்ளே வெள்ளைச் சீருடையில் இருப்பவர்கள் தண்டனைக் கைதிகள். சொந்தத் துணியில் இருப்பவர்கள் விசாரணைக் கைதிகள். சென்னைக்காரர்கள் இன்னும் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2006-இல் சென்னை மத்திய சிறை சென்ட்ரல் ரயில் நிலையம் அருகிலிருந்து புழலுக்குப் போன பிறகு, அங்கே தண்டனைக் கைதிகளுக்குப் புழல்-1, விசாரணைக் கைதிகளுக்குப் புழல்-2, பெண்களுக்குத் தனிச்சிறை என்று பிரித்திருக்கிறார்கள். எந்தப் புழல் என்று கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

பதினெட்டு நிறையாத பிள்ளை என்றால் இந்த வாசல்களில் எதிலும் தேட வேண்டாம். விசாரணைக் காலத்தில் கூர்நோக்கு இல்லத்தில்தான் வைப்பார்கள், அது சிறையே அல்ல. பதினெட்டு தாண்டிய வாலிபர்களை வைக்கும் பார்ஸ்டல் பள்ளி வேறு.

பிறகு ஒருமுறை, எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்குத் துணையாகக் காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்புக்குப் போனேன். அவர் வீட்டுக்காரர் ஆயுள் தண்டனையில் பல வருடம் இருந்து, நன்னடத்தையால் அந்தத் திறந்தவெளிச் சிறைக்கு மாற்றப்பட்டவர். மதிலைத் தேடினேன், வயல்தான் தெரிந்தது. முழங்கால் வரை சேறோடு நடந்து வந்தார். வலை இல்லை, கத்தல் இல்லை. அந்த அக்கா முந்தானையால் அவர் கையைத் துடைத்துவிட்டார். சிறை என்ற ஒரே சொல்லுக்குள் இதுவும் இருக்கிறதே என்று நான் அழுதுவிட்டேன்.

தம்பியின் வழக்கு தள்ளுபடியாகி நாலு வருடம் ஆகிறது. போன மாதம் பெண் பார்க்கப் போன வீட்டில், "பையன் ஜெயிலுக்குப் போனவனாமே" என்று கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன்: "விசாரணைக் கைதியா இருந்தான். குற்றம் நிரூபணம் ஆகலை. தண்டனைன்னு ஒரு நாள்கூட இல்லை." அந்தப் பெண்ணின் அப்பா, "ரெண்டும் வேறயாம்மா?" என்றார். உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.