நோட்பேடில் அடித்த தமிழ் கேள்விக்குறியாகிறது

இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் மீன்வலைக் கடைக்கு ஒரு சின்னப் பக்கம் செய்கிறேன். நோட்பேடில் அடிக்கும்போது தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. சேமித்து குரோமில் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் வெறும் கேள்விக்குறி! ஆங்கிலத்துக்கும் விலை எண்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூடிவிட்டு நோட்பேடிலேயே மறுபடி திறந்தாலும் அதே கதிதான்.

பழைய லேப்டாப், விண்டோஸ் 7, குரோம் 109 (இதற்கு மேல் அதில் ஏறாது). போன வாரத்திலிருந்து இந்தக் கூத்து. பக்கத்தின் தொடக்கமான ஹெட் பகுதியில், எந்த எழுத்துக் குறியாக்கம் என்று உலாவிக்குச் சொல்லும் மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 வரி சேர்த்தாயிற்று. எழுத்துருவை லதாவுக்கு மாற்றினேன், ஃபயர்பாக்ஸிலும் பார்த்தேன். அப்புறம் செய்தித் தளங்களைத் திறந்தால் அங்கே தமிழ் நன்றாகவே வருகிறது, அதுதான் எரிச்சல்.

சேமிக்கும் பெட்டியில் கீழே ‘என்கோடிங்: ஏஎன்எஸ்ஐ’ என்று (எழுத்துகளை எந்தக் குறியாக்கத்தில் சேமிப்பது என்ற தேர்வு) இருக்கிறது. அதில் எதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் அழியாமல் இருக்கும்?