புதுப்பிப்பு: வேலியோரத்து மரம் வெப்பாலைதான்

ஜனவரியில் பட்டை, இலை, குச்சி என்று மூன்று படம் போட்டு, தர்மபுரி பக்கம் எங்கள் கொல்லை வேலியில் நிற்கும் மரம் எதுவென்று கேட்டிருந்தேன். யோசித்துப் பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பதில்களில் வந்த மரங்களில் நுணா முதலிலேயே கழிந்தது. அதன் இளங்குச்சி உருண்டையாக இல்லாமல் நாலு பக்கமாக இருக்கும், ஒடித்தால் பால் வராது. இதில் வெள்ளைப் பால் சொட்டியது. மிச்சம் குடசப்பாலையா வெப்பாலையா என்பதுதான். இரண்டிலும் பால் உண்டு, இலையும் எதிரெதிராகத்தான். பட்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் படமெடுத்த பக்கம் முழுக்கப் பாசி வேறு.

"காய் வரட்டும், நுனியைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சித்திரையில் பூத்தது. இப்போது பச்சைக் காய்கள் இரண்டிரண்டாக, நுனி ஒட்டி, இடுக்கி மாதிரி தொங்குகின்றன. குடசப்பாலையில் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

எதிர்பாராதது ஒன்று. ஜனவரியில் போட்ட படத்தில் இருந்த பழைய காய்ந்த காய்கள் பிரிந்து கிடந்தன, அதைப் பார்த்துத்தான் பலர் குடசப்பாலை என்றார்கள். வெப்பாலைக் காயும் முற்றினால் நுனி விட்டுவிடும். ஆகவே பச்சைக் காயைப் பாருங்கள்.

இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கச் சொன்னவருக்கு: எண்ணெய் கருநீலமாகிவிட்டது. அம்மா பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார். கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப்பொம்மைகள் செய்வதும் இந்த மரத்தில்தானாம். வெட்டுகிற எண்ணம் போய்விட்டது.