மக்னீசியாப் போர்: ரோமானியருக்கு எதிராக 2 யானைகளை எங்கே நிறுத்துவது?

வேழம்_வடக்கு:
ரோமானியரும் செலூக்கிய அரசர் அந்தியோகஸும் மோதிய கி.மு. 190 மக்னீசியாப் போரை டிபிஏ 2.2 (மேசைமேல் சிறு உருவங்களால் ஆடும் போர் விளையாட்டு) விதியில், 15 மிமீ உருவங்களோடு, பக்கத்துக்கு 12 எலிமென்ட் (ஒரே தளத்தில் ஒட்டிய படைப்பிரிவு) வைத்து ஆடப்போகிறோம். ரோமானியர் தரப்பில் பிளேட் (வாள்வீரர், அதாவது லீஜியன்) 6, ஈட்டி 2, குதிரை 2, சைலோய் (எறிபடை ஏந்திய இலகு காலாட்கள்) 2. அந்தியோகஸ் தரப்பில் 2 யானை. அவற்றை ஃபேலங்ஸுக்கு (நீள ஈட்டியோடு நெருங்கி நிற்கும் நம் காலாட்படை) முன்னால் நிறுத்தி லீஜியன்மேல் ஏவுவதா, ஓரத்தில் வைப்பதா? பிப் (சுற்றுக்குச் சுற்று படையை நகர்த்தப் பகடை தரும் புள்ளி) கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பகடைப்பாகன்:
ஃபேலங்ஸுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். சண்டையில் தோற்கும் யானை பின்வாங்கும்போது, பின்னால் நம் ஆளே நின்றாலும் மிதித்து அழித்துவிடும். 4 எலிமென்ட் போனால் ஆட்டம் முடிந்தது. அதில் ஒன்றை நாமே தூக்கிக் கொடுப்பானேன்? யானைத் தளம் 40 மிமீ அகலம், 40 மிமீ ஆழம். இரண்டையும் ஒட்டி நிறுத்தினால் பின்னால் 80 மிமீ அகலத்துக்கும், குறைந்தது 40 மிமீ ஆழத்துக்கும் வெற்றிடம் வேண்டும்.

ஆனால் இலக்கு லீஜியன்தான், அதில் சந்தேகமே இல்லை. பிளேட் காலாட்படையோடு மோதும்போது பகடை எண்ணோடு கூட்டுவது +5, குதிரை, யானை போன்றவற்றோடு மோதும்போது வெறும் +3. நம் பைக்கை (ஃபேலங்ஸ் எலிமென்ட்) அந்த +5-க்கு எதிரே நிறுத்துவதைவிட, பிளேட்டை +3-க்கு இறக்கிவிடும் யானையை அனுப்புவது மேல்.

பயப்பட வேண்டியது அந்த 2 சைலோயைப் பார்த்துத்தான். வெறும் வேலைட்டுகள் (ரோமானிய இலகு காலாட்கள்) என்று அலட்சியமாக விடக்கூடாது. சைலோயிடம் ஒரே புள்ளியில் தோற்றாலும் யானை ஒழிந்தது. சைலோய் தோற்றாலோ, எதிரியின் மொத்தம் அதன் மொத்தத்தைப் போல இரு மடங்காகாதவரை, சற்றுப் பின்வாங்கும், அவ்வளவே. இந்தப் பேரம் நமக்குக் கட்டாது. அதனால் யானைக்குப் பக்கத்திலேயே குதிரை 1 வையுங்கள். சமதளத்தில் குதிரையிடம் தோற்கும் சைலோய் அழியும். முதலில் குதிரை சைலோயை விரட்டட்டும், பிறகே யானை பிளேட்டைத் தொடட்டும். காடு, கரடு இருக்கும் பக்கம் யானையை விடவே கூடாது. அங்கே சைலோய்க்குத்தான் கொண்டாட்டம்.

மேசைத்தளபதி:
பிப் பற்றி: முதல் சுற்றில் யானைக்குக் கூடுதல் செலவு கிடையாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நகர்வுக்கும் 1 கூடும். ஒரே குழுவாக நகர்ந்தால் 2 யானைக்கும் சேர்த்து 2 பிப், பிரிந்துவிட்டால் 4. பகடையில் 1 விழுந்தால் யானை நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே நிறுத்தும்போதே முகம் இலக்கை நேராகப் பார்க்கட்டும், முதல் சுற்றில் முழுத் தூரமும் போய்விடுங்கள். பாதி வழியில் திசை மாற்றுவதுதான் பிப்பை விழுங்கும்.

பக்கவாட்டையும் மறக்காதீர்கள். விலாவில் எதிரி தொட்டபடி இருக்கும்போது பின்வாங்க நேர்ந்தால் யானை அங்கேயே அழியும். ஒரு விலாவில் பைக் வரிசையின் முனை, மறு விலாவில் அந்தக் குதிரை. இரண்டும் யானையோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஓர் அடுக்கு பின்தங்கினாலும் உதவாது.

வேழம்_வடக்கு:
அப்படியானால் பைக்குகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் யானையை வைத்தால் என்ன? அந்தியோகஸ் செய்தது அதுதானே?

பகடைப்பாகன்:
செய்தார், அதனால்தான் கெட்டார். ஃபேலங்ஸை 10 பிரிவாக்கி, ஒவ்வொரு இடைவெளியிலும் 2 யானை நிறுத்தினார். குதிரைகள் ஓடிய பிறகு ஃபேலங்ஸ் நகர முடியாமல் நெருங்கி நின்றது. எறிபடைகள் விழ விழ யானைகள் மிரண்டு, உள்ளிருந்தே அணியைக் குலைத்தன. மேசையில், இருபுறமும் பைக் இருந்தால் விலாவுக்குக் காவல் கிடைக்கும், அது உண்மை. ஆனால் சைலோயை விரட்டும் குதிரைக்குப் பக்கத்தில் இடமே இருக்காது. பைக் வரிசை முடியும் இடத்தில் யானை, அதற்கடுத்து குதிரை என்றே நிறுத்துங்கள்.

இதே அமைப்பு, அலெக்சாந்தருக்குப் பின் வந்த வாரிசு அரசர்களுக்குள் நடக்கும் போர் என்றால் மாறும். அங்கே எதிரியிடம் நைட் வகை (பாய்ந்து மோதும் கனத்த குதிரைப்படை) இருக்கும், அது யானையிடம் தோற்றால் உடனே அழியும். இப்சஸில் (கி.மு. 301) செலூக்கஸ் யானைகளைக் குறுக்கே நிறுத்தி, துரத்திப் போன டெமெட்ரியஸின் குதிரைப்படையைத் திரும்ப விடாமல் தடுத்தாரே, அந்த ஆட்டத்தில் யானைக்கு ஓரம்தான் இடம்.