மகரக்கட்டு உடையும் வயதில் சேர்ந்திசைக் குழு தேவைதானா?

கேள்வி: கவலையில் ஓர் அம்மா
என் மகனுக்கு 13 வயது. இரண்டு ஆண்டுகளாக இளையோர் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறான். இப்போது மகரக்கட்டு உடைகிறது. போன வாரம் நடுப்பாட்டில் குரல் கிறீச்சிட்டதும் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்களாம். இனிப் போகமாட்டேன் என்கிறான். குழுவாகப் பாடுவது மனத்துக்கு நல்லது என்கிறார்களே, வற்புறுத்தி அனுப்பலாமா?

பதில்: கீழ்க்குரல்காரன்
வற்புறுத்த வேண்டாம். ஆனால் அவசரப்பட்டு நிறுத்தவும் வேண்டாம். ஆல்ட்டோ எனும் இரண்டாம் மேல்குரல் வரிசையில் கணீரென்று பாடிக்கொண்டிருந்த நான், 14 வயதில் ஒரே விடுமுறைக்குள் தவளைக் குரலோடு திரும்பி வந்தேன். பயிற்றுநர் நாலே சுரங்களில் அடங்கும் ஒரு கீழ்வரியை எனக்கென்றே எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன்.

எனக்குக் குழுவில் பிடித்தது பாட்டைவிட மூச்சுதான். நீண்ட சுரம் ஒன்றைப் பதினாறு எண்ணிக்கை நிறுத்த வேண்டும் என்று வையுங்கள். எங்களில் யாருக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது. பக்கத்தில் இருப்பவன் மூச்சு வாங்கும்போது நான் தாங்க வேண்டும். நான் வாங்கும்போது அவன். திரும்பிப் பார்க்க முடியாது, தோள் அசைவிலேயே தெரிந்துகொள்வோம். அவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தெரியாத காலத்திலேயே, எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்குவான் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் அவன் வரவில்லை. அந்தச் சுரத்தில் ஓட்டை விழுந்தது. பயிற்சி முடிந்ததும் முகவரி விசாரித்துக்கொண்டு நான்கு பேர் அவன் வீட்டுக்குப் போனோம். காய்ச்சலில் படுத்திருந்தான். பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

பதில்: அளந்து பேசுபவர்
2013-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 வயதுப் பாடகர்கள் 15 பேரின் இதயத் துடிப்பை அளந்தார்கள். பாட்டின் வரி மூச்சை ஒழுங்குபடுத்த, துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. சிறிய ஆய்வுதான். 2015-இல் பிரிட்டனில் வெளியான இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாட்டு, கைவினை, படைப்பெழுத்து வகுப்புகளில் சேர்ந்த பெரியவர்களை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். பாடியவர்கள் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள். ஏழாவது மாதத்தில் மற்றவர்களும் அதே அளவு நெருங்கியிருந்தார்கள். ஆகவே பாட்டு பழக்கத்தை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டியவன். சிரித்தவர்களிடம் பயிற்றுநர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

கேட்டவர்:
கேட்டேன். அவர் கவனிக்கவே இல்லையாம். வரிசை மாற்றித் தருவதாகச் சொன்னார்.

கீழ்க்குரல்காரன்:
குரல் உடைந்து தேறிய பெரிய பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எட்டாத சுரம் வந்தால் வாயை மட்டும் அசைக்கலாம் என்று மகனிடம் சொல்லுங்கள். எட்டு மாதமும் நான் அதைச் செய்தேன். பக்கத்தில் நின்றவனைத் தவிர ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.