வெள்ளவத்தை வீட்டுக் குழு: அக்கா டிரியெஸ்தேயில்

அக்கா: நேற்றிரவு இத்தாலி வந்து சேர்ந்துவிட்டேன். தங்குமிடம் கடலோரம், கொஞ்சம் நடந்தால் மிராமாரே கோட்டை. இங்குள்ள சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையத்தில், அதைத் தொடங்கிய பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாமின் நினைவு மாநாடு இன்று காலை தொடங்கியது.

சித்தி: சாப்பிட்டாயா பிள்ளை? குளிரா?

அக்கா: சாப்பிட்டேன் சித்தி. குளிரைவிடக் காற்றுத்தான் பலம்.

சித்தி: அந்தச் சலாம் என்ன கண்டுபிடித்தவர்? பக்கத்து வீட்டில் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா: மின்சாரமும் காந்தமும் ஒரே விசைதான் என்பது முன்பே தெரியும். புரோத்தனை நியூத்திரனாக மாற்றுகிற மென்விசை என்று இன்னொன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் சூரியனே எரியாது சித்தி. மின்காந்த விசையும் இந்த மென்விசையும் அடியில் ஒன்றுதான் என்று காட்டியதற்காக 1979இல் சலாம், வைன்பேர்க், கிளாஷோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கொள்கை சொன்ன டபிள்யூ, இசட் துகள்கள் 1983இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் அகப்பட்டன.

பெரியப்பா: 1979 நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கத் தொடங்கிய காலம். தலைப்பாகையோடு அவர் பரிசு வாங்கும் படத்தை வெட்டி வகுப்பறையில் ஒட்டி வைத்தேன்.

மாமா: எல்லாம் சரி. பிள்ளை, பெரிய பேராசிரியர்கள் வந்திருப்பார்கள், அவர்களோடு கதைத்து ஓரிடம் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடு. 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றோமே, மறந்துவிட்டாயா? உன்னோடு படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது இங்கே இருக்கிறார்கள்?

அக்கா: மறக்கவில்லை மாமா. காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சலாம் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951இல் லாகூருக்குத் திரும்பியவர், அங்கே ஆராய்ச்சி பற்றிக் கதைக்க ஆளில்லை, புதிய சஞ்சிகைகள் இல்லை, கல்லூரி அதிபரோ ஆராய்ச்சியை மறந்துவிட்டு உதைபந்தாட்டக் கழகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். 1954இல் மறுபடி கேம்பிரிட்ஜ் போய்விட்டார். நாடா பௌதிகவியலா என்று இனி ஒருவரும் தெரிவுசெய்ய வேண்டி வரக்கூடாது என்றுதான் 1964இல் இந்த நிலையத்தைத் தொடங்கினார். எங்களைப் போன்றவர்கள் சில வாரமோ சில மாதமோ வந்து, வாசித்து, கதைத்து, ஊருக்குத் திரும்பி வேலையைத் தொடரலாம், பிறகும் வரலாம்.

மாமா: அவரே போய்விட்டவர்தானே?

அக்கா: ஓம், போனவர்தான். போக வேண்டி வந்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்ததால்தான் இதைக் கட்டினார். மதியம் என் மேசையில் நேபாளத்திலிருந்து ஒருவர், கானாவிலிருந்து ஒருவர். ஆய்வுகூடத்தில் கரண்ட் போனால் என்ன செய்கிறோம் என்று மூவரும் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். வேறு மாநாடுகளில் இதைச் சொன்னால் பாவம் பார்ப்பார்கள், இங்கே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்கள். அப்புறம் மாமா, கம்பஸில் இறுதி வருடத்தில் எனக்குப் பதினொரு பிள்ளைகள். இரண்டு விரிவுரையாளர் இடம் ஏற்கெனவே வெறுமையாகக் கிடக்கிறது. நானும் நின்றுவிட்டால் அவர்களுக்கு யார் படிப்பிப்பது?

தம்பி: அக்கா, இதைப் பெரியப்பா அம்மம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். இரண்டாம் தரம்.

பெரியப்பா: அங்கே மேரி கியூரி பெயரில் நூலகம் இருக்கிறது அல்லவா மகள்? ராக்கைகள் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அவசரமில்லாமல் மெதுவாக எடு, புத்தகங்களின் பெயரை வாசிக்க வேண்டும்.

அக்கா: நாளை காலை முதல் வேலை அதுதான் பெரியப்பா.

மாமா: எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. திகதியையும் நேரத்தையும் போடு, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.