பத்து வெள்ளி ரசீதுகளும் துன் சம்பந்தனும்: எங்கள் வீட்டில் கேட்டவை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தனை எங்கள் தாத்தா நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த முக்கால் மணி நேரத்தைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். பாட்டி போய்விட்டார். நான் எழுதி வைக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

தினமும் ஜாலான் துன் சம்பந்தன் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். முன்பு அது பிரிக்பீல்ட்ஸ் ரோடு. மோனோரயில் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அந்தப் பெயரை அறிவிப்பில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரோடும் கடைகளும் நினைவுக்கு வருவதில்லை. பாட்டியின் சமையலறைத் தூணில் தொங்கிய கம்பிதான் வரும். முனை வளைந்த இரும்புக் கம்பி. அதில் குத்திக் குத்தி அடுக்கிய ரசீதுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை, ஓரமெல்லாம் விறகுப் புகை ஏறிப் பழுப்பு.

தாத்தாவும் பாட்டியும் தெற்குக் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மரம், பிறகு பாலை எடை போடுவது, சாயங்காலம் லயம் என்ற வரிசை வீடு. 1957ல் சுதந்திரம் வந்தது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் தோட்டங்களில் ஒரு பயம் பரவியது. துண்டாடல்! வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அதை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கராக வெட்டிச் சில்லறையாக விற்றார்கள். சின்னத் துண்டு வாங்கியவருக்கு எதற்கு இத்தனை ஆள்? வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எல்லாம் யாரோ ஒருவருடைய நிலத்தில் அநாதையாக நிற்கும். பாட்டியின் அக்கா இருந்த தோட்டம் அப்படித்தான் போனது. பானை சட்டியோடு வந்து எங்கள் லயத்தில் நான்கு மாதம் இருந்தார்களாம். இரண்டு குடும்பம், ஒரே அறை.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக வந்தார். அப்போது அவர் அமைச்சர், இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வின் தலைவர். மாரியம்மன் கோயில் முன்னால் காஸ் விளக்கு வைத்து எல்லாரையும் உட்காரச் சொன்னார்கள். பாட்டி இடுப்பில் என் அத்தையோடு கடைசியில் நின்றார். பெரிய பேச்சை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அவர் கணக்கு சொன்னாராம். ஒரு பங்கு 100 வெள்ளி, வெள்ளி என்றால் எங்கள் ஊர்ப் பணம். மொத்தமாக முடியாதவர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். எல்லாத் தோட்டத்து ஆட்களும் இப்படிச் சேர்த்தால், விற்பனைக்கு வருகிற தோட்டத்தை நாமே முழுசாக வாங்கிவிடலாம், துண்டு போடாமல். 1960ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதுதான். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அதுதான் முதல் தோட்டம்.

பத்து வெள்ளி என்பது அன்றைக்கு விளையாட்டு இல்லை. தாத்தா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பாட்டியே பசும்பால் விற்ற காசைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். தாத்தா பேரில் ஒரு பங்கு, பாட்டி பேரில் ஒரு பங்கு. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது.

எங்கள் தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. ஆனால் சங்கம் வாங்கிய வேறொரு தோட்டத்துக்குத் தாத்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனார். உறவு இல்லை, வேலை இல்லை, சும்மா பார்க்க. ஒரு மரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெட்டுப் பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாராம். பட்டை மெலிசாக, கட்டையில் காயம் படாமல் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் ஒரே வார்த்தை: "நல்லாத்தான் வெட்டுறானுங்க." துரைகளின் மரத்தை இருபது வருடம் வெட்டியவர் அவர். ஒரு மரத்தின் சொந்தக்காரராக அதன் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இன்றைக்கு ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்துக்குக் கல்யாண விருந்துக்கும் கலை நிகழ்ச்சிக்கும் போகிறோமே, அது அந்தச் சங்கத்தின் கட்டடம். நான் அங்கே போனால் ஒரு தடவையாவது சுவரைத் தொட்டுவிட்டுத்தான் வருவேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது அவரைப் பார்த்திருந்தால், அவர் கைபட்ட காரியம் எதையாவது நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள்.


ஜார்ஜ்டவுன், பினாங்கு

என் அப்பா இங்கே தபால்காரர். சைக்கிளில் தெருத் தெருவாகக் கடிதம் கொடுத்தவர். சம்பந்தன் 1959க்குப் பிறகு பல வருடம் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர். அப்பா அவரைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் "எங்க அமைச்சர்" என்றுதான் சொல்வார். காக்கிச் சட்டை போட்ட ஒரு தமிழனுக்கு, தன் துறையின் தலைமையில் சுங்கை சிப்புட்டுத் தமிழன் ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய தெம்பு என்று இப்போது புரிகிறது.

அம்மாவுக்குச் சொந்த ஊரே பேராக் மாநிலத்தின் அந்தச் சுங்கை சிப்புட். அவர் படித்தது மகாத்மா காந்தி கலாசாலையில். சம்பந்தன் முன்னின்று எழுப்பிய பள்ளி. 1954ல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். அம்மா சின்னப் பிள்ளை, வரிசையில் நின்று கொடி அசைத்திருக்கிறார். திறந்துவைத்தவரின் முகம் ஞாபகம் இல்லை, புதுச் சுவரின் சுண்ணாம்பு வாசனைதான் ஞாபகம் என்பார்.

அப்பா அடிக்கடி சொன்ன இன்னொன்று: சம்பந்தனின் தகப்பனார் வீராசாமி ரப்பர் தோட்டங்கள் சேர்த்து வைத்தவர். மகன் அரசியலுக்கு வந்தபோது இருந்த நிலத்தில் பெரும்பகுதி, 1979 மே 18ல் அவர் இறந்தபோது கையில் இல்லை. பதவிக்கு வந்து சொத்தை இழந்த மனிதர். அவர் இறந்த அன்றைக்கு அப்பா சைக்கிளை வீட்டு வாசலில் சாத்திவிட்டு வெகு நேரம் உள்ளே வராமல் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.


செந்தூல், கோலாலம்பூர்

பிரிக்பீல்ட்ஸ் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னால் பதில் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதை அதற்கு நேர் எதிர்.

என் அப்பா கட்டவில்லை. எங்கள் தோட்டத்திலும் பத்து வெள்ளியைப் பற்றிச் சொன்னார்கள். அப்பா நம்பவில்லை. அதற்குமுன் ஒருவர் தோட்டத்தில் பணம் வசூலித்துவிட்டுக் காணாமல் போயிருந்தார், அந்தச் சூடு ஆறவில்லை. கூலிக்காரன் தோட்டம் வாங்கினதாக யார் கேள்விப்பட்டது என்று கேட்டாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதுவரை அவர் பார்த்த உலகத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டது. லயத்தைக் காலி செய்து இங்கே வந்தோம். ரயில் பாதை ஓரத்துப் பலகை வீட்டில்தான் நான் வளர்ந்தேன். சங்கம் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்றியிருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அப்பா கட்டியிருந்தாலும் எங்கள் தோட்டம் போயிருக்கலாம். ஆனால் வயதான காலத்தில் அப்பா அந்தப் பத்து வெள்ளியைப் பற்றித் தானாகவே பேச்செடுப்பார். நாங்கள் யாரும் கேட்கமாட்டோம்.

சகோதரி, ஒன்று கேட்கலாமா? உங்கள் பாட்டி ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாரா? எங்களைப் போன்ற குடும்பத்தில் அது எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அண்ணே, நீங்கள் கேட்டதற்காக நேற்று ராத்திரி அந்தக் கம்பியை எடுத்தேன். துரு பிடித்திருக்கிறது, ரசீதுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. கத்தி முனையால் மெல்ல மெல்லப் பிரித்தேன். இரண்டு பங்குக்கு மொத்தம் இருபது இருக்க வேண்டும். எண்ணினால் பத்தொன்பதுதான். விழுந்துவிட்டதோ என்று பெட்டி முழுக்கத் தேடிவிட்டு, அப்புறம் தேதி வாரியாகத் தரையில் அடுக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு மாதம் இல்லை. அத்தைக்குக் கடும் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மாதம் அது என்று அம்மா சொன்னார்.

அதற்கு அடுத்த ரசீதில் 20 வெள்ளி.