நேகிங் ஃபீலிங்: வாக்கியத்தில் எப்படி வரும்? அவசரம்

கரிசல்மண்: வணக்கம். ஆங்கிலத்தில் நேகிங் (nagging) என்று எழுதியதைத் தப்பு என்று அடித்துவிட்டார்கள். மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருப்பதற்கு அந்த வார்த்தைதானே? ராத்திரிக்குள் பதில் வேண்டும்.

மழைக்காலம்: முழு வாக்கியத்தையும் போடுங்க. எதுக்கு எழுதுறீங்க? பரீட்சையா, ஆபீஸ் மெயிலா, கதையா?

ஊர்க்குருவி: அதை விடுங்க, 'ஆன் டென்ட்டர்ஹுக்ஸ்' போடுங்க. நனைஞ்ச கம்பளித் துணியை மரச்சட்டத்துல இழுத்து மாட்டிக் காயவைக்கிற கொக்கிதான் டென்ட்டர்ஹுக். மனசு அப்படி விறைச்சு நிக்குதுன்னு அர்த்தம். மென்மைன்னு பொருள் தர்ற டெண்டரோட குழப்பி எழுதிடாதீங்க.

எழுத்தாணி: இந்தக் கேள்வி அடிக்கடி வருது, தேடிப் பார்த்துட்டுக் கேட்கலாமே. டென்ட்டர்ஹுக்ஸ், ரிசல்ட் வர்ற வரைக்கும் தவிக்கிறோமே, அதுக்கு. விடாம அரிக்கிற சந்தேகத்துக்கு ஆகாது. இதெல்லாம் அடிப்படை.

மழைக்காலம்: பதில் சரி, தோரணை வேண்டாம். அவர் இன்னும் வாக்கியத்தையே தரலை.

கரிசல்மண்: ஐஇஎல்டிஎஸ் ஜெனரல்ங்கிற ஆங்கிலத் தேர்வுக்கு, கடிதப் பயிற்சி. பெட்டி வரலைன்னு விமானக் கம்பெனிக்கு. 'ஐ ஆம் நேகிங் அபவுட் மை பேக்'.

மழைக்காலம்: அதுக்கு 'பையைப் பத்தி நச்சரிச்சுக்கிட்டிருக்கேன்'னு அர்த்தம் வந்துடும். நேகிங், ஃபீலிங், டவுட் மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வரணும்: 'ஐ ஹேவ் எ நேகிங் ஃபீலிங் தட் மை பேக் வாஸ் நெவர் லோடட்'. அந்த 'எ'வை விட்டுடாதீங்க. 'தட்' போட்டு, என்ன சந்தேகம்னு முழுசா சொல்லுங்க. அந்த நினைப்பை உதற முடியலைன்னு சொல்ல 'ஐ கான்ட் ஷேக் தி ஃபீலிங் தட்'னும் எழுதலாம்.

ஊர்க்குருவி: ஷேக் ஆஃப்தானே சரி?

மழைக்காலம்: ரெண்டும் வழக்குல இருக்கு.

எழுத்தாணி: புகார்க் கடிதத்துல எதுக்கு இதெல்லாம்? கவலையா இருக்குன்னு சொல்ல 'ஐ ஆம் கன்சர்ன்ட் தட்' போதும்.

ஊர்க்குருவி: சொல்வளத்துக்கு கால் பங்கு மதிப்பெண் இருக்கே!

எழுத்தாணி: தொனி பிசகினா, கேட்டபடி எழுதியிருக்கோமான்னு பார்க்கிற டாஸ்க் அச்சீவ்மென்ட்ல மதிப்பெண் போகும், அதுவும் கால் பங்குதான். நண்பருக்கு எழுதுற கடிதம்னா நேகிங் ஃபீலிங் கச்சிதமா பொருந்தும்.

ஊர்க்குருவி: அப்போ எல்லாரும் ஒரே கடிதத்தை எழுத வேண்டியதுதான். நாலு புதுச் சொல் பழகாம மொழி எப்படி வரும்?

எழுத்தாணி: பழகுறது வீட்டில. பரீட்சைக் கூடத்துல 150 சொல்லுக்கு 20 நிமிஷம்தான்.

கரிசல்மண்: கன்சர்ன்ட் போட்டு அனுப்பிட்டேன். நன்றி.

மழைக்காலம்: பின்னாடி 'தட்' போட்டீங்களா, 'அபவுட்'டா? 'அபவுட்'னா வெறும் 'மை பேக்' போதும், வாக்கியம் வராது.